கைமீறிப் போன திட்டத்தை மீட்டெடுப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காலக்கெடு தாண்டிவிட்டது, ஒதுக்கிய பணம் கரைந்துவிட்டது, எப்போது முடியும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. இந்த நிலையில் உள்ள திட்டங்களை ஏற்று நடத்துவதுதான் பல ஆண்டுகளாக என் வேலை. பெரும்பாலும் மென்பொருள் திட்டங்கள். இடையிடையே கட்டுமானமும் உண்டு. புதிதாகப் பொறுப்பேற்கும் திட்ட மேலாளர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும், நான் நம்பிச் சொல்லும் பதில்களையும் இங்கே தருகிறேன்.

தாமதமான திட்டமும் சிக்கலில் உள்ள திட்டமும் ஒன்றுதானே?

ஒன்றல்ல. ஒரு திட்டம் இரண்டு மாதம் பிந்தியிருக்கலாம். எந்த வேலையால் பிந்தியது, மிச்சம் எவ்வளவு, அதை யார் செய்யப்போகிறார் என்று குழுவால் சொல்ல முடிந்தால் அது தாமதமான திட்டம், அவ்வளவுதான். இதே கேள்விகளுக்கு மூன்று பேரிடமிருந்து மூன்று பதில் வந்தால் அது சிக்கலில் இருக்கிறது. காலக்கெடு இன்னும் தாண்டவில்லை என்பதால் அது தப்பிவிடாது.

நான் முதலில் பார்ப்பது முடிவுத் தேதி நகரும் விதத்தை. ஒரு மாதம் கழியும்போதெல்லாம் தேதியும் ஒரு மாதம் தள்ளிப் போகிறது என்றால், வேலை நின்ற இடத்திலேயே நிற்கிறது. அடுத்தது, 'தொண்ணூறு சதவீதம் முடிந்துவிட்டது' என்ற வாசகம். ஒரே வேலையைப் பற்றி இதே வாசகம் மூன்று வாரம் தொடர்ந்து வந்தால் அதை நான் நம்புவதில்லை. மூன்றாவது, கூட்டங்களில் 'என்ன செய்வது' என்ற பேச்சு குறைந்து 'யார் சொன்னது, எந்த மின்னஞ்சலில் சொன்னது' என்ற பேச்சு பெருகுவது. ஆளாளுக்குத் தங்களைக் காத்துக்கொள்ள ஆவணம் சேர்க்கத் தொடங்கிவிட்டார்கள் என்றால் நோய் முற்றிவிட்டது.

கடைசி வாரம்வரை அறிக்கையில் எல்லாம் பச்சையாகத்தானே இருந்தது! எப்படி ஒரே நாளில் சிவப்பானது?

ஒரே நாளில் ஆகவில்லை. நிலவர அறிக்கையில் பச்சை என்றால் எல்லாம் சரி, சிவப்பு என்றால் ஆபத்து. அந்தச் சிவப்பு பல மாதங்களாக அங்கேதான் இருந்தது. உங்கள் மேசைவரை அது வந்து சேரவில்லை.

நான் ஏற்றுக்கொண்ட ஒரு திட்டத்தைச் சொல்கிறேன். கிடங்கு இருப்புக் கணக்கை நிர்வகிக்கும் மென்பொருள் அது. பதினோரு வாரங்களாக வாராந்தர அறிக்கை முழுக்கப் பச்சை. பொறுப்பேற்ற முதல் நாள் மதியம், டெஸ்டிங் பிரிவில் இருந்த ஓர் இளம் பெண்ணின் மேசைக்குப் போய் உட்கார்ந்தேன். விசைப்பலகைக்குப் பக்கத்தில் கோடு போட்ட நோட்டு ஒன்று இருந்தது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தேதி போட்டு இரண்டு எண்களை எழுதியிருந்தார்: தீர்க்கப்படாமல் இருக்கும் குறைபாடுகள் எத்தனை, அந்த வாரம் சரிசெய்யப்பட்டவை எத்தனை. முதல் எண் 64-இல் தொடங்கி 212 வரை ஏறியிருந்தது. இரண்டாவது எண் ஒரு வாரம்கூட முப்பதைத் தொடவில்லை.

"இதை யாரிடமாவது காட்டினீர்களா?" என்று கேட்டேன்.

"முதல் மூன்று வாரம் அனுப்பினேன் சார். வாடிக்கையாளர் பயந்துவிடுவார், கூட்டத்தில் இந்த எண்ணைச் சொல்ல வேண்டாம் என்றார்கள். அதற்குப் பிறகு எனக்காக எழுதி வைக்கிறேன்."

அந்தத் திட்டத்தின் உண்மையான நிலவர அறிக்கை அந்த நோட்டுதான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்போம். அலுவலகங்களில் தினமும் மறைக்கிறார்கள். அதற்குப் பெரிய பொய் எதுவும் தேவைப்படுவதில்லை. வேலை செய்பவர் 'கொஞ்சம் சிரமமாக இருக்கிறது' என்பார். அவருக்கு மேலே இருப்பவர் அதைச் 'சமாளித்துவிடலாம்' என்று மாற்றுவார். அடுத்தவர் 'கட்டுக்குள் இருக்கிறது' என்று எழுதுவார். உச்சியில் இருப்பவர் பச்சை நிறத்தைப் பார்த்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டுவார். ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் கொஞ்சமாக மெருகேறி, உண்மை காணாமல் போகிறது. கெட்ட செய்தி கொண்டுவந்தவரை ஒருமுறை எல்லோர் முன்னிலையிலும் கடிந்துகொண்ட மேலாளருக்கு, அதன் பிறகு கெட்ட செய்தியே வராது.

பெரிய திட்டங்களுக்கும் இதே கதிதான். பெர்லினின் புதிய விமான நிலையம் 2012 ஜூன் 3 அன்று திறக்கப்படுவதாக இருந்தது. தீயணைப்பு, புகை வெளியேற்ற ஏற்பாடுகள் தயாராக இல்லை என்று மே 8 அன்று, நான்கு வாரம்கூட மிச்சம் இல்லாதபோது அறிவித்தார்கள். அழைப்பிதழ்கள் அதற்கு முன்பே போய்விட்டன. நிலையம் உண்மையில் திறக்கப்பட்டது 2020 அக்டோபர் 31 அன்று. எட்டு ஆண்டு வேலையை மிச்சம் வைத்திருந்த கட்டடத்தைத் திறப்பு விழாவுக்கு நான்கு வாரம் முன்புவரை ஏறக்குறைய தயார் என்று நம்ப முடிந்திருக்கிறது.

பொறுப்பேற்ற முதல் வாரத்தில் என்ன செய்ய வேண்டும்?

முதலில், செய்யக்கூடாதது ஒன்று: புதிய தேதி எதையும் சொல்லாதீர்கள். எல்லோரும் கேட்பார்கள், நெருக்குவார்கள். 'பத்து வேலை நாள் கொடுங்கள், அதன் பிறகு சொல்கிறேன்' என்று ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். ஆழம் தெரியாமல் முதல் வாரத்தில் நீங்கள் வாக்குக் கொடுத்த தேதி தவறினால், பழைய மேலாளரின் தோல்வி அன்றோடு உங்கள் தோல்வியாகிவிடும்.

அறிக்கைகளைக் கடைசியாகப் படியுங்கள். முதலில் பொருளைப் பாருங்கள். மென்பொருள் என்றால் ஓடவிட்டுப் பாருங்கள். கட்டடம் என்றால் தளத்தில் நடந்து பாருங்கள். 'முடிந்தது' என்று குறிக்கப்பட்ட வேலைகளில் பத்தைக் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுத்து, 'இதை எனக்கு இயக்கிக் காட்டுங்கள்' என்று கேளுங்கள். ஆறுதான் இயங்குகிறது என்றால், அறிக்கையில் உள்ள மற்ற எண்களையும் எந்தக் கண்ணோடு படிக்க வேண்டும் என்பது புரிந்துவிடும்.

பிறகு, குழுவில் உள்ள ஒவ்வொருவரோடும் தனித்தனியாக அரை மணி நேரம் பேசுங்கள். நான் கேட்பது மூன்றே கேள்விகள். உங்கள் கையில் இப்போது என்ன இருக்கிறது? அதை முடிக்க யாருக்காக, எதற்காகக் காத்திருக்கிறீர்கள்? இந்தத் திட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்தும் யாரும் பேசாத விஷயம் எது? மூன்றாவது கேள்வியைக் கேட்டுவிட்டு அமைதியாக இருக்க வேண்டும். முதல் அரை நிமிடம் சங்கடமாகத்தான் இருக்கும். பதில் அதற்குப் பிறகுதான் வரும். ஐந்தாறு பேரிடம் பேசி முடிப்பதற்குள் ஒரே பதில் திரும்ப வரத் தொடங்கும். உங்கள் வேலை எங்கே தொடங்குகிறது என்பது அதிலிருந்து தெரியும்.

இந்த நாட்களில் புதிய மாற்றக் கோரிக்கைகள் எதையும் ஏற்கக் கூடாது. ஒப்பந்தத்தை மூலப் பிரதியிலேயே வாசிக்க வேண்டும். குழு எதைச் செய்துகொண்டிருக்கிறது, ஒப்பந்தம் எதைக் கேட்கிறது என்று பார்த்தால், பெரும்பாலும் இரண்டுக்கும் இடையில் ஒரு பள்ளம் இருக்கும்.

எவ்வளவு முடிந்திருக்கிறது என்பதை நம்பும்படியாக எப்படி அளப்பது?

ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும். சிக்கலில் உள்ள திட்டங்களில் அளவுகோலே வளைந்திருக்கும் என்பதால் முதலில் அதை நேராக்க வேண்டும்.

சதவீதத்தை ஒழித்துவிடுங்கள். ஒரு வேலை முடிந்திருந்தால் நூறு, முடியவில்லை என்றால் சுழி. இடைப்பட்ட எண் கிடையாது. இது கடுமையாகத் தோன்றாமல் இருக்க, வேலைகளை ஒரு வாரத்துக்குள் முடியும் அளவுக்குச் சின்னதாக உடைக்க வேண்டும். 'முடிந்தது' என்றால் என்ன பொருள் என்பதையும் எழுதி ஒட்டிவிடுங்கள்: எழுதப்பட்டது, சோதிக்கப்பட்டது, செய்தவர் அல்லாத இன்னொருவர் பார்த்து ஒப்புக்கொண்டது. மூன்றும் இல்லாமல் அந்தச் சொல்லை யாரும் பயன்படுத்தக் கூடாது.

அடுத்தது 'ஈட்டிய மதிப்பு' கணக்கு. பெயர்தான் மிரட்டும், கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும். மொத்த பட்ஜெட் 100 அலகு என்று வைத்துக்கொள்வோம். இன்றைய தேதிக்கு 60 அலகு மதிப்புள்ள வேலை முடிந்திருக்க வேண்டும். உண்மையில் முடிந்தது 40. செலவானது 55. முடிந்த மதிப்பைச் செலவால் வகுத்தால் 0.73 வருகிறது: போட்ட ஒவ்வொரு அலகுப் பணத்துக்கும் முக்கால் அலகு வேலைகூடக் கிடைக்கவில்லை. முடிந்ததை, முடிந்திருக்க வேண்டியதால் வகுத்தால் 0.67: மூன்றில் இரண்டு பங்கு வேகத்தில் போகிறோம். இதே போக்கு தொடர்ந்தால் மொத்தச் செலவு 100-ஐ 0.73-ஆல் வகுத்தால் வருவது, அதாவது ஏறக்குறைய 137.

இதில் எனக்கு மிகவும் பயன்படும் எண் இன்னொன்று. மிச்ச வேலை 60. மிச்சப் பணம் 45. பழைய பட்ஜெட்டுக்குள்ளேயே முடிப்போம் என்று யாராவது சொன்னால், இனிமேல் ஒவ்வோர் அலகுப் பணத்துக்கும் 1.33 அலகு வேலை நடக்க வேண்டும். இதுவரை நடந்தது 0.73. நேற்றுவரை இருந்த அதே குழு, நாளை காலையிலிருந்து ஏறக்குறைய இரண்டு மடங்கு திறனோடு வேலை செய்யும் என்பதற்கு என்ன ஆதாரம்? இந்த ஒரு கேள்வியை மேலிடக் கூட்டத்தில் எண்ணோடு வைத்தால், 'கொஞ்சம் முடுக்கிவிட்டால் சரியாகிவிடும்' என்ற பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

கூடுதல் ஆட்களைப் போட்டால் வேகமாக முடியாதா?

குழி தோண்டுவதற்கு ஆள் சேர்த்தால் வேகம் கூடும். ஒன்றோடொன்று பின்னிய வேலைகளுக்கு அது பொருந்தாது. தாமதமான மென்பொருள் திட்டத்தில் ஆட்களைச் சேர்த்தால் அது மேலும் தாமதமாகும் என்று ஃபிரெட் புரூக்ஸ் 1975-இல் எழுதினார். ஐபிஎம் நிறுவனத்தின் ஓஎஸ்/360 என்ற மாபெரும் இயங்குதளப் பணியை வழிநடத்தியவர் அவர். பட்ட அனுபவத்திலிருந்து சொன்னது.

காரணம் எளிமையானது. ஐந்து பேர் குழுவில் ஒருவரோடு ஒருவர் பேச வேண்டிய இணைகள் 10. பத்துப் பேர் என்றால் 45. பதினைந்து பேர் என்றால் 105. ஆள் மூன்று மடங்கு, பேச்சுப் பாதை பத்து மடங்கு. அதோடு, வந்தவர்களுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியவர் யார்? ஏற்கெனவே மூச்சுமுட்டிக்கொண்டிருக்கும் அந்த இரண்டு மூன்று திறமைசாலிகள்தான்.

ஆனாலும் 'யாரையும் சேர்க்கவே கூடாது' என்று இதைப் புரிந்துகொள்ளக் கூடாது. அமெரிக்காவின் மருத்துவக் காப்பீட்டு இணையதளமான ஹெல்த்கேர்.கவ் 2013 அக்டோபர் 1 அன்று தொடங்கியபோது, முதல் நாளில் பதிவை முடிக்க முடிந்தவர்கள் ஆறே பேர். அதை மீட்க, கையில் எண்ணிவிடக்கூடிய அளவு அனுபவசாலிகள் வெளியிலிருந்து வந்தார்கள். அவர்கள் முதலில் கவனித்தது, தளத்தின் எந்தப் பகுதி எங்கே திணறுகிறது என்று அளந்து காட்டும் கருவிகளே இல்லை என்பதை. அதை நிறுவினார்கள். தினமும் காலையும் மாலையும் நின்றபடியே கூட்டம் நடத்தினார்கள். அங்கே ஒரு விதி இருந்தது: பதவியில் பெரியவர் பேசக் கூடாது, அந்தச் சிக்கலைப் பற்றி அதிகம் அறிந்தவர் பேச வேண்டும். டிசம்பர் தொடக்கத்தில் பிழை விகிதம் ஒரு சதவீதத்துக்கும் கீழே இறங்கி, ஒரே நேரத்தில் ஐம்பதாயிரம் பேரைத் தாங்கும் நிலைக்குத் தளம் வந்தது. எந்த இடத்தில் எந்தத் திறமை குறைகிறது என்று தெரிந்த பிறகு அந்த ஒரு திறமையைக் கொண்டுவருவது வேறு, தலைகளை எண்ணி நிரப்புவது வேறு.

குழுவை இரவு பகலாக வேலை செய்யச் சொன்னால்?

இரண்டு வாரம், தெளிவான ஒரு முடிவுக்காக, முடிந்ததும் ஓய்வு உண்டு என்ற உறுதியோடு என்றால் சரி. மாதக்கணக்கில் என்றால் கூடாது. களைத்த மனிதர் இரவு பதினொன்றுக்குச் செய்த பிழையைக் கண்டுபிடிக்க மறுநாள் இரண்டு பேர் செலவாகிறார்கள். திறமையானவருக்கு வேறு இடத்தில் வேலை எளிதாகக் கிடைக்கும். முதலில் போகிறவரும் அவராகத்தான் இருப்பார்.

பழைய மேலாளரையோ ஒப்பந்ததாரரையோ நீக்கிவிடுவதுதானே முதல் சிகிச்சை?

சில நேரம் வேண்டியிருக்கும். ஆனால் அதை முதல் வாரத்தில் செய்யாதீர்கள். கோபத்தில் எடுக்கும் முடிவுகளில் இதுதான் மிகவும் விலை கூடியது. பெர்லின் விமான நிலையத்தில் திறப்பு நின்றுபோன அதே மாதத்தில், கட்டடத்தை வடிவமைத்து மேற்பார்வையிட்ட நிறுவனத்தோடு ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டார்கள். எந்தக் குழாய் எங்கே போகிறது, எந்த வேலை பாதியில் நிற்கிறது என்ற அறிவும் அவர்களோடு வெளியே போனது. மிச்சத்தைக் கண்டுபிடிப்பதே தனி வேலையாகிவிட்டது.

ஒருவரை மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், முதலில் அவர் தலைக்குள் இருப்பதைத் தாளுக்கு மாற்றுங்கள். குறைந்தது இரண்டு வாரம் புதியவரும் பழையவரும் சேர்ந்து உட்காரட்டும். மரியாதையோடு அனுப்பிவையுங்கள்; மூன்று மாதம் கழித்து ஒரு சந்தேகம் கேட்க அவருக்குத் தொலைபேசி செய்ய வேண்டியிருக்கும். இன்னொன்று: மேலாளரை மாற்றிவிட்டு, அவருக்குக் கொடுத்த அதே நடக்காத காலக்கெடுவைப் புதியவருக்கும் கொடுத்தால் மாறியது பெயர்ப்பலகை மட்டும்.

ஆட்களையும் கூட்ட முடியாது, நேரமும் இல்லை என்றால் வேலையைத்தானே குறைக்க வேண்டும்? எதை வெட்டுவது?

மீட்புப் பணியின் உயிர்நாடி இதுதான். நேரம், பணம், பணி எல்லை (என்னென்ன செய்து தர வேண்டும் என்பது), தரம் என்ற நான்கில் முதல் இரண்டும் தீர்ந்துபோன பிறகுதான் நம்மைக் கூப்பிடுகிறார்கள். தரத்தில் கைவைத்தால் கடன் வட்டியோடு திரும்பி வரும். மிஞ்சுவது பணி எல்லை மட்டுமே.

'எது முக்கியம்?' என்று வாடிக்கையாளரிடம் கேட்காதீர்கள். எல்லாமே முக்கியம் என்பார். அவர் நிலையில் நானும் அப்படித்தான் சொல்வேன். கேட்க வேண்டிய கேள்வி: 'தொடக்க நாளன்று இது இல்லையென்றால் உங்கள் தொழிலில் எது நின்றுபோகும்?' நான் சொன்ன கிடங்கு மென்பொருளில் எண்பத்தேழு அம்சங்கள் பட்டியலில் இருந்தன. இந்தக் கேள்வியோடு வாடிக்கையாளரின் கிடங்கு மேற்பார்வையாளர்களுடன் இரண்டு நாள் உட்கார்ந்தோம். சரக்கு உள்ளே வருவது, வெளியே போவது, இருப்பைச் சரிபார்ப்பது ஆகியவற்றுக்கு உண்மையில் தேவைப்பட்டவை முப்பத்தொன்று. இருபத்திரண்டு வகை அறிக்கைகளில் அவர்கள் நாள்தோறும் பார்க்கப்போவது நான்கு. மற்றவற்றை யார் கேட்டார் என்பதே யாருக்கும் நினைவில்லை.

வெட்டியதை 'நீக்கியது' என்று எழுதாமல் 'இரண்டாம் கட்டம்' என்று எழுதுங்கள், அது உண்மையாக இருக்கும்பட்சத்தில் மட்டும். செய்யவே போவதில்லை என்று தெரிந்தால் அதையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

சில நேரங்களில், அழகான தீர்வை ஓரமாக வைத்துவிட்டு எளிமையானதை எடுக்க நேரும். அமெரிக்காவின் டென்வர் விமான நிலையத்தின் தானியங்கிப் பெட்டி கையாளும் அமைப்பு, சோதனை ஓட்டத்திலேயே பெட்டிகளைக் கிழித்தும் சிதறடித்தும் திறப்பையே முடக்கி வைத்திருந்தது. 1993 அக்டோபரில் திறக்க வேண்டிய நிலையம் அது. 1994 ஆகஸ்டில் நகர மேயர், வழக்கமான கன்வேயர் பெல்ட்டும் வண்டியும் கொண்ட மாற்று ஏற்பாட்டைக் கட்டச் சொன்னார். 1995 பிப்ரவரி 28 அன்று நிலையம் திறந்தது. தானியங்கி அமைப்பு ஒரு பகுதியில் மட்டும் ஓடியது. 2005-இல் அதையும் நிறுத்திவிட்டார்கள். விமானங்கள் பறக்க வேண்டும் என்பதே நோக்கம் என்று யாரோ ஒருவர் நினைவுபடுத்திய பிறகுதான் அந்தத் திட்டம் நகர்ந்தது.

வேலையைக் குறுகிய சுற்றுகளாகப் பிரித்துச் செய்யும் அஜைல் முறைக்கு மாறினால் மீண்டுவிடுமா?

பெயரை மாற்றினால் மீளாது. அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ, வழக்குக் கோப்புகளைக் கணினிமயமாக்க முதலில் எடுத்த முயற்சியை ஏறக்குறைய 17 கோடி டாலர் செலவுக்குப் பிறகு 2005-இல் கைவிட்டது. அடுத்து 2006-இல் தொடங்கிய சென்டினல் திட்டத்தில், 2010 ஆகஸ்ட் வாக்கில் 45.1 கோடி டாலர் பட்ஜெட்டில் 40.5 கோடி தீர்ந்திருந்தது. நான்கு கட்டங்களில் இரண்டுதான் வந்திருந்தன. அப்போது அவர்கள் பணியைத் தங்கள் நேரடிப் பொறுப்பில் எடுத்து, சிறிய குழுவாக, குறுகிய சுற்றுகளில், ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் இயங்கும் மென்பொருளைக் காட்டி வேலை செய்தார்கள். 2012 ஜூலையில் அது பயன்பாட்டுக்கு வந்தது. திட்டத்தை மீட்டவை, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கண்ணால் பார்க்க முடிந்த முன்னேற்றமும், முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவர் பக்கத்திலேயே இருந்ததும்தான். இந்த இரண்டும் எந்த முறையிலும் சாத்தியம்.

புதிய காலக்கெடுவை எப்படி நிர்ணயிப்பது?

வேலைகளின் சார்பு வரிசையை வரையுங்கள். எது முடிந்தால்தான் எது தொடங்கும் என்ற சங்கிலிகளில் மிக நீளமானதுதான் கிரிட்டிகல் பாத். 1950-களின் இறுதியிலிருந்து திட்டக்காரர்கள் பயன்படுத்தும் கருவி இது. அந்தச் சங்கிலியில் இல்லாத வேலையை எவ்வளவு வேகப்படுத்தினாலும் முடிவுத் தேதி ஒரு நாள்கூட முன்னே வராது. எத்தனையோ திட்டங்களில், சத்தம் போடுகிற பிரிவுக்கு ஆள் போகிறது. சங்கிலியில் இருக்கும் அமைதியான பிரிவு காத்துக்கிடக்கிறது. இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வேதனையாக இருக்கும்.

ஒவ்வொரு வேலைக்குள்ளும் ஒளித்து வைத்த உபரி நாட்களை வெளியே எடுத்து, சங்கிலியின் கடைசியில் எல்லோருக்கும் தெரியும்படி ஒன்றாக வையுங்கள். பிறகு, இதேபோன்ற திட்டங்கள் உண்மையில் எவ்வளவு காலம் எடுத்தன என்று பாருங்கள். தங்கள் வேலைக்கு எவ்வளவு நேரமாகும் என்று மனிதர்கள் மதிப்பிடும்போது, நல்லபடி நடந்தால் என்ன ஆகும் என்பதையே மனத்தில் வைத்திருக்கிறார்கள் என்று உளவியலாளர்கள் கானமனும் ட்வெர்ஸ்கியும் 1979-இல் எடுத்துச் சொன்னார்கள். அதற்கு மருந்து வெளியிலிருந்து பார்க்கும் பார்வைதான்.

தேதியை ஒருமுறைதான் மாற்ற வேண்டும். அது மேலிடத்துக்குப் பிடிக்காத அளவு தள்ளியிருந்தாலும் பரவாயில்லை. இரண்டாவது முறை மாற்றக் கேட்கும்போது உங்கள் சொல்லுக்கு மதிப்பு இருக்காது.

வாடிக்கையாளரிடம் இதை எப்படிச் சொல்வது? ஒப்பந்தமே போய்விடும் என்று பயமாக இருக்கிறது.

பயம் நியாயமானது. நான் இப்படிப் பேசத் தொடங்குவேன்: "ஐயா, மார்ச் இறுதியில் முடியும் என்று உங்களிடம் சொல்லியிருந்தோம். முடியாது. அது எங்கள் தவறு. மிச்ச வேலையை இந்த முறை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தோம். பட்டியலைக் கொண்டுவந்திருக்கிறேன். உங்கள் முன்னால் இரண்டு வழிகள் இருக்கின்றன."

கெட்ட செய்தி முதல் மூன்று வாக்கியங்களுக்குள் வந்துவிட வேண்டும். நாற்பது பக்கத் திரைக்காட்சியின் முப்பத்தெட்டாம் பக்கத்தில் அதைப் புதைத்தால், ஏமாற்றப்பட்டோம் என்ற உணர்வுதான் மிஞ்சும். காரணங்களை அவர் கேட்டால் மட்டும் சொல்லுங்கள். வழிகளை எண்ணோடு சொல்லுங்கள்: முப்பத்தொரு அம்சங்களோடு ஜூனில், அல்லது எல்லாவற்றோடும் நவம்பரில். தேர்வு அவருடையது. அவர் கோபப்படுவார், இடைமறிக்காமல் கேளுங்கள். அந்தக் கோபத்துக்கு அவருக்கு உரிமை இருக்கிறது.

அன்றே ஒரு சிறிய வாக்கும் கொடுங்கள்: 'இரண்டு வாரத்தில், வெள்ளிக்கிழமை, சரக்கு வரவுப் பதிவை உங்கள் ஆட்களே இயக்கிப் பார்க்கலாம்.' அந்த வெள்ளிக்கிழமையைக் காப்பாற்றுங்கள். போன நம்பிக்கை அப்படித்தான், சிறிய வாக்குகள் ஒவ்வொன்றாக நிறைவேறும்போது, திரும்புகிறது.

எப்போது நிறுத்திவிடுவது சரி?

'இவ்வளவு செலவழித்தாயிற்றே' என்பது தொடர்வதற்கான காரணமே அல்ல. விட்டதைப் பிடிக்கும் ஆசை சூதாட்டத்தில் மட்டும் வருவதில்லை. போன பணம், தொடர்ந்தாலும் போனதுதான், நிறுத்தினாலும் போனதுதான். கேள்வி ஒன்றே: இன்றிலிருந்து முடிவுவரை ஆகப்போகும் செலவுக்கு, முடிவில் கிடைக்கப்போவது ஈடாகுமா? இந்தத் திட்டம் இன்றுதான் முதன்முதலாக உங்கள் முன் வருகிறது, மிச்சச் செலவு இவ்வளவு என்றால் ஒப்புதல் கொடுப்பீர்களா? இல்லை என்றால் நிறுத்துங்கள்.

லண்டன் பங்குச் சந்தை, பங்கு வாங்கல் விற்றலின் கணக்கைத் தீர்த்துவைக்கும் டாரஸ் என்ற கணினி அமைப்பைப் பல ஆண்டு உழைப்புக்குப் பின் 1993 மார்ச்சில் கைவிட்டது. வலித்திருக்கும். ஆனால் அந்த இடத்தில், அதைவிட எளிமையான கிரெஸ்ட் என்ற அமைப்பு பிரிட்டனின் மத்திய வங்கியான இங்கிலாந்து வங்கியின் முன்முயற்சியில் உருவாகி 1996-இல் ஓடத் தொடங்கியது. முந்தையதை நிறுத்தியிருக்காவிட்டால் பிந்தையதற்கு இடமே இருந்திருக்காது.

நிறுத்தும்போது குழுவைக் குற்றவாளிகளாக்காதீர்கள். பயன்படக்கூடிய பகுதிகளையும் கற்றவற்றையும் எழுதி வாங்குங்கள்.

திட்டம் மீண்டுவிட்டது என்பதை எதை வைத்து அறிவது?

மூன்று மைல்கற்கள் தொடர்ச்சியாகச் சொன்ன தேதியில் முடிந்தால் நான் கொஞ்சம் மூச்சு விடுவேன். குறைபாடுகள் தீரும் வேகம் புதிதாகத் தோன்றும் வேகத்தைத் தாண்டி நான்கைந்து வாரம் நிலைத்தால் இன்னும் கொஞ்சம். ஆனால் நான் காத்திருப்பது வேறொன்றுக்காக.

அந்தக் கிடங்குத் திட்டத்தில், நோட்டில் இருந்த எண்களை முதல் வாரமே சுவரில் பெரிய வரைபடமாக ஒட்டச் சொன்னோம். வாடிக்கையாளர் வரும் அறையின் சுவரில்தான். 212 மெல்ல இறங்கி ஒன்பதாவது வாரம் 90-க்கு வந்திருந்தது. பத்தாவது வாரம் செவ்வாய்க்கிழமை, வாடிக்கையாளரின் மேலாளரோடு பேசிக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தார். நோட்டு கையில் இருந்தது.

"சார், இருப்புச் சரிபார்ப்பில் ஒரு பெரிய குறைபாடு இருக்கிறது. திரும்பி வரும் சரக்கை இரண்டு முறை எண்ணுகிறது. இந்த வெள்ளிக்கிழமை எண் ஏறும்" என்றார். அவர் குரலில் தயக்கம் இல்லை.

வாடிக்கையாளரின் மேலாளர் சுவரைப் பார்த்தார். பிறகு தன் நாட்குறிப்பைத் திறந்து, "எத்தனை நாள் வேண்டும், சொல்லுங்கள்" என்று அவரிடமே கேட்டார்.